2 வயதுக் குழந்தை ரிமோட்டின் பட்டன் பேட்டரியை விழுங்கியிருக்கலாம். வாழைப்பழம் கொடுத்து, மலத்தோடு வரும்வரை காத்திருக்கலாமா?

கூடாது. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் இருந்தாலும் இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். குழந்தை சிரித்து விளையாடுவதை நம்பாதீர்கள், முதலில் எந்த அறிகுறியும் இல்லாமல் போகலாம். பேட்டரி உணவுக்குழாயில் சிக்கியிருந்தால், அங்குள்ள சதை 2 மணி நேரத்திலேயே கடுமையாக வெந்துவிடும்.

உள்ளிருக்கும் ரசாயனம் கசிவதுதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியக் காரணம் மின்சாரம். ஈரமான சதை இரு முனைகளையும் இணைத்ததும் மின்னோட்டம் பாய்ந்து, எதிர்மின் (நெகட்டிவ்) முனைப் பக்கம் கடும் காரப்பொருள் (ஆல்கலி) உருவாகிச் சதையை அரிக்கிறது. ரிமோட்டில் வேலை செய்யாத பழைய பேட்டரியிலும் அதற்குப் போதுமான மின்னழுத்தம் மிச்சமிருக்கும். பேட்டரியின் வகை சிஆர் 2032 என்றால் விட்டம் 20 மி.மீ., 3 வோல்ட். சிறு குழந்தைகளுக்குச் சிக்கிக்கொள்ளும் அளவு இதுதான். அதே வகைப் பேட்டரியோ அது வந்த அட்டை உறையோ இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பழம், சோற்று உருண்டை எதுவும் வேண்டாம். ஒரு விதிவிலக்கு தேன்: குழந்தைக்கு 1 வயது முடிந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, விழுங்கவும் முடிந்தால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன், அதிகபட்சம் 6 முறை. அரிப்பை அது மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். வீட்டில் தேன் இல்லையென்றால் கடை தேடி நிற்காதீர்கள்.

குழந்தைகளுக்கு எண்டோஸ்கோப்பி (வாய்வழியே கேமராக் குழாய் செலுத்துவது) செய்யும் மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். கழுத்திலிருந்து வயிறு வரை நேராகவும் பக்கவாட்டிலும் எக்ஸ்ரே எடுப்பார்கள். நாணயம் ஒரே வட்டமாகத் தெரியும். பேட்டரி இரட்டை வளையமாகவும், பக்கவாட்டில் விளிம்பில் சிறு படியோடும் தெரியும். நாணயம் என்று தவறாக எண்ணிக் காத்திருந்ததால் நிலைமை மோசமான குழந்தைகள் உண்டு, எனவே “பேட்டரியாக இருக்கலாம்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உணவுக்குழாயில் இருந்தால், குழந்தை சாப்பிட்டிருந்தாலும் வெறும் வயிற்றுக்காகக் காத்திருக்காமல் உடனே எடுக்க வேண்டும். வயிற்றுக்குள் இறங்கியிருந்தால் வயது, அளவு பார்த்து முடிவு செய்வார்கள்.

எடுத்த பிறகும் அரிப்பு சில நாள் தொடரும். மூச்சுக்குழாய்க்கோ பெரிய ரத்தக்குழாய்க்கோ ஓட்டை விழுவது சில வாரங்கள் கழித்தும் நடக்கலாம். வீடு திரும்பியபின் பால் குடிக்கும்போது இருமல், காய்ச்சல், கறுப்பு மலம், வாயில் துளி ரத்தம், இவற்றில் எது தெரிந்தாலும் அந்த நிமிடமே திரும்ப ஓடுங்கள். மாதம் கழித்துக் கெட்டியான உணவு இறங்காமல் நின்றால் உணவுக்குழாய் சுருங்கியிருக்கலாம், அதை எண்டோஸ்கோப்பி மூலம் படிப்படியாக விரிக்க வேண்டியிருக்கும்.