பத்திரிகையில் முதலிடம், மாங்குளம் றோட்டில் எத்தனையாம் இடம்?

2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கியதிலிருந்து, இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வருகிற கடிதங்களில் கார்க்கதைதான் கூட. இந்தமுறை நாலு கேள்விகளை எடுத்திருக்கிறேன். முதலிரண்டுக்கும் நீண்ட பதில் வேண்டும்.

கேள்வி: அண்ணை, கரடிப்போக்குச் சந்தியடியில் நாங்கள் கொஞ்சப் பெடியள் பின்னேரத்தில் கூடினால் கார்க்கதைதான். ஓட்டுவதற்கு மிகச் சிறந்த கார் எது என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் போடுகிற பட்டியல்களை வைத்துப் பெரிய வாக்குவாதமே வந்துவிடும். அமெரிக்கப் பத்திரிகை சொல்கிற காரை இங்கிலாந்துப் பத்திரிகை கண்டுகொள்வதே இல்லை. ஒருவன் பந்தயத் திடலில் எடுத்த சுற்று நேரம்தான் கணக்கு என்கிறான். மற்றவன் ஸ்ரியரிங்கைப் பிடிக்கும்போது கைக்கு வருகிற உணர்வுதான் கணக்கு என்கிறான். யார் சொல்வது சரி? இன்னொன்று, 2018ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக் 1.0 ரேர்போ ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். சிவிக்கைப் புகழாத பத்திரிகை இல்லை. நம்பி வாங்கலாமா? (கிளிநொச்சி வாசகர்)

பதில்: தம்பி, உங்கள் வாக்குவாதம் முடியாததற்குக் காரணம், அந்தப் பத்திரிகைகள் எல்லாம் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதுதான்.

அமெரிக்காவின் 'கார் அன்ட் ட்ரைவர்' 1983 முதல் வருடாவருடம் பத்துக் கார்களைத் தெரிந்து வெளியிடுகிறது. அந்தப் பத்துக்குள் முதலாவது, இரண்டாவது என்ற வரிசை கிடையாது. விலைக்கு உச்சவரம்பு உண்டு. கொடுக்கிற காசுக்குப் பெறுமதி இருக்கிறதா, எந்த வேலைக்குச் செய்யப்பட்டதோ அதை ஒழுங்காகச் செய்கிறதா, ஓட்டும்போது மனதுக்குச் சந்தோசமாக இருக்கிறதா என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அதனால்தான் ஹொண்டா அக்கோர்ட் என்ற சாதாரண குடும்பக் கார் அந்தப் பட்டியலில் 30 தடவைக்கு மேல் வந்திருக்கிறது.

'மோட்டர் ட்ரெண்ட்' நடத்திவந்த சிறந்த ஓட்டுநர் கார்ப் போட்டி வேறு மாதிரி. 2015இல் மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிரி எஸ், 2016இல் மக்லாரன் 570எஸ், 2017இல் ஃபெராரி 488 ஜிரிபி. பெயர்களைக் கேட்டாலே அங்கே விலை தடையில்லை என்று விளங்கும். கலிபோர்னியாவில் லகுனா செக்கா என்ற பந்தயத் திடல் இருக்கிறது. சுற்று ஏறக்குறைய 3.6 கிலோமீற்றர், 11 வளைவுகள், நடுவில் மேட்டிலிருந்து விழுந்தமாதிரி இறங்கும் ஓர் இரட்டை வளைவு. ரான்டி போப்ஸ்ற் என்ற பந்தய ஓட்டுநர் ஒவ்வொரு காரையும் அங்கே ஓட்டி நேரம் எடுப்பார். பிறகு பொலிஸார் போக்குவரத்தை மறித்துக் கொடுத்த மலைப்பாதை ஒன்றில் நடுவர்கள் எல்லாரும் மாறி மாறி ஓட்டிப் பார்த்துத் தங்கள் தீர்ப்பைச் சொல்வார்கள். இங்கிலாந்தின் 'இவோ' பத்திரிகையில் ஒவ்வொரு நடுவரும் நூற்றுக்கு இவ்வளவு என்று புள்ளி போட, அதன் சராசரிதான் இடத்தைத் தீர்மானிக்கும்.

ஆக, திடல் வேறு, றோட்டு வேறு, ஆட்கள் வேறு, கேட்ட கேள்வி வேறு. பதில் மட்டும் எப்படி ஒன்றாக வரும்?

சுற்று நேரமா உணர்வா என்று கேட்டால் நான் உணர்வின் பக்கம்தான். சுற்று நேரத்தில் பாதிக்கதை ரயரின் கதை. ஒட்டிப்பிடிக்கிற பந்தய ரயரைப் போட்டால் அதே கார் சில செக்கன் குறைவாக எடுக்கும். 2012இல் வந்த ரொயோட்டா 86ஐ எடுத்துப் பாருங்கள். பின்சில்லு இழுக்கிற, பாரம் குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் அது. அதற்குக் கொம்பனி போட்டு அனுப்பியது பிறியஸ் என்ற எரிபொருள் சிக்கனக் காருக்கும் போடப்பட்ட மிச்செலின் பிறைமசி ரயர். வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். பிடிமானம் அளவாக இருந்தால், கார் வழுக்கத் தொடங்குவது குறைந்த வேகத்திலேயே ஓட்டுகிறவரின் கைக்கும் இடுப்புக்கும் தெரியவரும். சுற்று நேரத்தில் அது பெரிய காரோடு நிற்காது. ஆனால் ஓட்டத் தெரிந்தவர்கள் அதைக் கொண்டாடினார்கள்.

ஏ9இல் காருக்குச் சட்டம் தருகிற வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். ஊர்மனைக்குள் 50. மக்லாரனின் சுற்று நேரத்தை ஓமந்தைக்கும் பரந்தனுக்கும் இடையில் எவராலும் பயன்படுத்த முடியாது. நல்ல ஸ்ரியரிங்கும் நம்பிக்கை தருகிற பிறேக்கும் 50இலேயே தெரியும்.

இனி உங்கள் சிவிக். பத்திரிகைகள் வாய் ஓயாமல் புகழ்ந்தது பெரும்பாலும் ரைப் ஆர் என்ற சிவிக்கை. அதில் 2.0 லீற்றர் ரேர்போ எஞ்சின், 300க்கு மேல் குதிரைவலு, ஆறு கியர் கையால் போடுகிற பெட்டி, வளைவில் இரண்டு முன்சில்லுக்கும் இழுவையைப் பகிர்கிற விசேட டிஃபரன்சியல். நீங்கள் பார்த்தது மூன்று சிலிண்டர், 1.0 லீற்றர், ஏறக்குறைய 130 குதிரைவலு. எஞ்சின் 1000 சிசிக்கு உள்ளே இருந்ததால் வரி குறைந்து, அந்தக் காலத்தில் இலங்கைக்கு நிறைய வந்த கார் அது. பெயர் ஒன்று, உடம்பும் பின்சில்லுச் சஸ்பென்சன் அமைப்பும் ஒரே குடும்பம். அந்த உடம்பு உண்மையிலேயே நல்ல உடம்பு, நீண்ட ஓட்டத்துக்குச் சுகமானது. அதற்கு மேல் ரைப் ஆரின் புகழில் பங்கு கேட்க அந்தக் காருக்கு உரிமை இல்லை.

வாங்குவதற்கு முன் ஒரு விசயத்தில் பிடிவாதமாக இருங்கள். அந்த எஞ்சினின் ரைமிங் பெல்ற், அதாவது வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கிற பட்டி, எஞ்சின் எண்ணெயிலேயே நனைந்தபடி ஓடுவது. எண்ணெய் மாற்றத் தாமதித்தாலோ, கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றினாலோ பெல்ற்றின் ஆயுள் குறையும், அதிலிருந்து உரிகிற துகள் எண்ணெய் போகிற பாதையை அடைக்கும். ஆகவே எண்ணெய் மாற்றிய பில்களைக் கேளுங்கள். எந்தத் தரத்து எண்ணெய், எத்தனையாவது கிலோமீற்றரில் மாற்றியது என்று வரிசையாக இருக்கவேண்டும். தானியங்கிக் கியர்ப்பெட்டியின் எண்ணெய்க்கும் அப்படித்தான். பில் இல்லை, "எல்லாம் நேரத்துக்குச் செய்தது தம்பி" என்ற வாய்ப்பேச்சு மட்டும்தான் என்றால், விலையை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். 95 பெற்றோல் உங்கள் பக்கத்துச் செட்டில் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்பதையும் முதலே விசாரியுங்கள். ரேர்போ எஞ்சினுக்கு அது நல்லது.

பில்கள் சரியாக இருந்தால் வாங்குங்கள். சந்தோசமாக ஓட்டுவீர்கள்.

கேள்வி: நான் ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் பக்கமுள்ள பாடசாலைக்குத் தினமும் போய்வருகிற ஆசிரியை. பழைய சுசுகி ஸ்விப்ட் ஒன்றும் ரொயோட்டா விட்ஸ் ஒன்றும் ஏறக்குறைய ஒரே விலையில் வந்திருக்கின்றன. மருமகன் பட்டியல்களைக் காட்டி, "மாமி, ஸ்விப்ட்தான் ஓட்டுகிறவர்களின் கார்" என்கிறான். எனக்கு அதெல்லாம் விளங்காது. ஓட்டிப் பார்க்கும்போது நான் எதைப் பார்க்கவேண்டும்? (ஒட்டுசுட்டான் வாசகி)

பதில்: ரீச்சர், உங்களுக்கு விளங்காது என்று நினைக்காதீர்கள். அந்த நடுவர்கள் பார்க்கிற விசயங்களை நீங்கள் உங்கள் றோட்டிலேயே பார்க்கலாம். பட்டியலில் இருக்கிற இலக்கத்தைப் பெரிதாக எடுக்கவும் வேண்டாம். வகுப்பில் முதலாம் பிள்ளைக்கும் ஐந்தாம் பிள்ளைக்கும் சில தவணையில் மூன்று புள்ளிதான் வித்தியாசம் என்பது உங்களுக்குத் தெரியாததா? மருமகனிடம் அந்தக் கட்டுரைகளில் குறை சொல்லியிருக்கிற வரிகளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பின்சீற் இடுக்கம், சத்தம் கூட, சிறு குழியையும் முதுகுக்குச் சொல்லுகிறது என்று எழுதியிருந்தால் அதுதான் உங்களுக்குப் பயன்படுகிற தகவல்.

பாடசாலைக்குப் போகிற சாரியோடும் அந்தச் செருப்போடும் போய் ஓட்டிப் பாருங்கள். பிறேக்கிலிருந்து காலை எடுத்து வைக்கும்போது சாரிக்கரை சிக்குகிறதா, சீற்றை முன்னுக்கு இழுத்தபிறகும் முழங்கை கொஞ்சம் மடிந்த நிலையில் ஸ்ரியரிங் எட்டுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். பத்திரிகைக்காரர்களும் முதலில் எழுதுவது இருக்கையைப் பற்றித்தான்.

பிறகு ஏ34 மாங்குளம் றோட்டில் முன்னும் பின்னும் வாகனம் இல்லாத நேராக ஓடுகிற துண்டில் 60இல் போகும்போது, கையை எடுக்காமல் பிடியை மட்டும் தளர்த்துங்கள். றோட்டின் சாய்வுக்குக் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்குவது வழமை. சட்டென்று இழுத்தால் சில்லுகளின் நேர் (அலைன்மென்ட்) போயிருக்கும், அல்லது ரயர் ஒருபக்கம் தேய்ந்திருக்கும், அல்லது எங்கோ அடிபட்ட கார். பின்னுக்கு ஒன்றும் வரவில்லை என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு 50இலிருந்து பிறேக்கை உறுதியாக மிதியுங்கள். கார் நேராக நிற்கவேண்டும். ஸ்ரியரிங் நடுங்கினால் பிறேக் டிஸ்க் வளைந்திருக்கும்.

அதன்பிறகுதான் முக்கியமான பரிசோதனை. தார் றோட்டை விட்டு ஏதாவது ஒரு கிரவல் ஒழுங்கைக்குள் திருப்புங்கள். றேடியோவை நிறுத்தி, ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு 20, 25இல் போங்கள். முன்சில்லுப் பக்கம் டொக், டொக் என்று கேட்டால் சில்லைத் தாங்குகிற மூட்டுகளான புஷ் அல்லது போல் ஜொயின்ற் தேய்ந்துவிட்டது. ஒரு குழியில் விழுந்து ஏறியதும் காரின் உடம்பு ஒருதரம் அமர்ந்து நிற்கவேண்டும். இரண்டு மூன்று தரம் ஆடினால் ஷொக் அப்சோபர் போய்விட்டது. கார் விற்கிறவர் உங்களை எப்போதும் நல்ல தார் றோட்டில்தான் ஓட்டச் சொல்வார். கிரவலுக்குள் விடமாட்டேன் என்று அவர் மறித்தால் அந்தக் காரை வாங்கவேண்டாம்.

இறங்கியபிறகு குனிந்து நாலு ரயரின் பக்கவாட்டையும் பாருங்கள். முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 3519 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டு 35ஆவது கிழமையில் செய்த ரயர். றோட்டில் படுகிற பூ (ரயரின் வெட்டு) நிறைய இருந்தாலும், ஆறு வருடம் தாண்டிய ரப்பர் நம் வெயிலில் இறுகியிருக்கும். பூவுக்கும் பக்கவாட்டுக்கும் நடுவில் மயிரிழை போல வெடிப்பு ஓடுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மழையில் உங்களைக் காப்பாற்றுவது அந்த உள்ளங்கையளவு ரப்பர்தான், காரின் பெயரல்ல.

முடிந்தால் இருட்டியபிறகும் ஒருதரம் ஓட்டுங்கள். சூடு ஆறாத தாரில் படுத்திருக்கிற மாடு, பின்விளக்கில்லாத உழவு இயந்திரம், அறுவடைக் காலத்தில் றோட்டின் அரைவாசியில் காய்கிற நெல், இவற்றையெல்லாம் நேரத்தோடு காட்டுகிற விளக்கு வேண்டும். மங்கிப்போன விளக்குக் கண்ணாடியைத் தேய்த்துத் துலக்கலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

இரண்டில் எது என்றால், ஸ்விப்ட் வளைவில் சுறுசுறுப்பு, மருமகன் சொல்வது பொய்யல்ல. விட்ஸுக்குச் சாமான் எங்கும் கிடைக்கும், திருப்பி விற்பதும் சுலபம். ஆனால் இந்த வயதுக் கார்களில் மொடல் இரண்டாம் பட்சம். ஷொக்கும் ரயரும் புஷ்ஷும் நல்ல நிலையில் இருக்கிற விட்ஸ், அவை தேய்ந்த ஸ்விப்ட்டை விட ஓட்டச் சந்தோசமாக இருக்கும். கிரவல் ஒழுங்கையில் எது சத்தமில்லாமல் வந்ததோ அதை எடுங்கள்.

கேள்வி: கனடாவிலிருக்கிற அண்ணன் தன்னுடைய மஸ்டா எம்எக்ஸ்-5ஐ எனக்கு அனுப்பிவைக்கிறேன் என்கிறார். எல்லாப் பட்டியலிலும் வருகிற கார். சரிவருமா? (வவுனியா வாசகர்)

பதில்: அண்ணனின் மனதுக்கு நன்றி சொல்லுங்கள், காரை அங்கேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். கனடாக் காருக்கு ஸ்ரியரிங் இடப்பக்கம். நாங்கள் றோட்டின் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், இங்கே ஸ்ரியரிங் வலப்பக்கம் வேண்டும். ஒரு லொறியை முந்துவதற்கே பக்கத்தில் இருப்பவரைத்தான் எட்டிப் பார்க்கச் சொல்லவேண்டி வரும். அதோடு இறக்குமதிக்கு வயதெல்லையும் வரியும் இருக்கின்றன. கப்பலில் ஏற்றுவதற்கு முன் சுங்கத்திடமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் எழுத்தில் கேட்காமல் ஒரு சதமும் அனுப்பவேண்டாம்.

காரைப் பற்றிச் சொன்னால், 1989இல் வந்ததிலிருந்து அந்தப் புகழ் முழுவதும் அதற்குத் தகும். 2016இல் பத்து இலட்சமாவது கார் செய்து முடித்தார்கள். பாரம் குறைவு, இரண்டே இருக்கை, கூரையைத் திறக்கலாம். வலப்பக்க ஸ்ரியரிங்கோடு நாட்டுக்குள் ஏற்கெனவே பதிந்த ஒன்று அகப்பட்டு, வீட்டில் இன்னொரு வாகனமும் இருந்தால், ஞாயிறு காலையில் மன்னார்ப் பக்கம் ஓட அதைவிட நல்ல காரை நான் சொல்லமாட்டேன். ஒரேயொரு காராக அதை வைத்துக் குடும்பம் நடத்த ஏலாது.

கேள்வி: கார் விற்பனை நிலையம் ஒன்றில் "உலக விருது பெற்ற மொடல்" என்று சொல்லி விற்றார்கள். விருது கிடைத்தது வேறு எஞ்சின் போட்ட காருக்கு என்று பிறகுதான் தெரிந்தது. ஏதாவது செய்யலாமா? (நெடுங்கேணி வாசகர்)

பதில்: செய்யலாம். வியாபாரம் செய்கிறவர் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடை செய்கிறது. விளம்பரத்தின் படம், அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்தி, பற்றுச்சீட்டு, பதிவுச் சான்றிதழின் பிரதி எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தில் முறையிடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிடவேண்டும் என்பதால் நாளைக் கடத்தவேண்டாம். முதலில் 1977க்கு அழைத்து, எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாயால் மட்டும் சொன்னதென்றால் நிரூபிப்பது கடினம். ஆகவே இனி வாங்கப் போகிறவர்கள், விற்கிறவர் சொல்கிற விருது எந்தப் பத்திரிகை, எந்த வருடம், எந்த எஞ்சினுக்கு என்று கேட்டு, அதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.