சம்பளச் சீட்டில் ஒளிந்திருந்த பணம்: முதலாளிகள் கேட்டவை

2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. 29 பழைய சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. அன்றிலிருந்து சிறுதொழில் நடத்தும் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அடிக்கடி வந்த சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

திருப்பூர், பின்னலாடை யூனிட்: சார், என் சூப்பர்வைசருக்கு மொத்தம் 30,000. பேசிக் 9,000, மீதி அலவன்ஸ். இனி இது செல்லாது என்று ஆடிட்டர் பயமுறுத்துகிறார்.

சீட்டு செல்லும், அதை வைத்துப் போட்ட கணக்குதான் செல்லாது. வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவற்றை 'ஊதியம்' என்பதிலிருந்து சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் அந்த விலக்கு மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்ந்துவிடும். உங்கள் சீட்டில் அலவன்ஸ் 21,000, பாதி 15,000. மிஞ்சிய 6,000-ஐ பேசிக்கோடு கூட்டினால் ஊதியம் 15,000.

இதனால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம் 1,080-லிருந்து 1,800 ஆகும். நீங்களும் மாதம் 720 கூடுதலாகக் கட்ட வேண்டும், அவர் கைக்கு வருவதிலும் 720 குறையும். இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சம்பள நாளன்று சண்டைதான். ஏற்கெனவே 15,000 உச்சவரம்புக்குப் பிஎஃப் கட்டி வந்தவர்களுக்கு இதில் மாற்றமில்லை.

பெரிய அடி கிராஜுவிட்டியில், அதாவது வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடையில். பத்து வருஷம் வேலை பார்த்தவருக்கு 9,000 கணக்கில் 51,923 ரூபாய் வரும். 15,000 கணக்கில் 86,538.

அவரே: அப்போ பேசிக்கை மொத்தத்தில் பாதியாக்கிவிட்டு, மீதிக்கு 'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்று போட்டால் சரியாகிவிடுமா?

அந்தப் பெயரே விலக்குப் பட்டியலில் இல்லையே! எதற்கென்று காரணம் சொல்ல முடியாத அலவன்ஸ் எல்லாம் ஊதியமாகத்தான் போகும். எல்லோருக்கும் ஒரே மாதிரி தரும் அலவன்ஸையும் பிஎஃப் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2019-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்போது கேட்காதவர்கள்தான் இப்போது பதறுகிறார்கள்.

ஓசூர், உதிரிபாகத் தொழிற்சாலை: ஒரு வருஷம் முடித்தால் எல்லாருக்கும் கிராஜுவிட்டி என்று வாட்ஸ்அப்பில் ஓடுகிறதே?

பாதி உண்மை. இத்தனை மாதம் என்று காலம் குறித்து எழுத்து ஒப்பந்தத்தில் எடுத்தவர்களுக்கு ஒரு வருஷம். நிரந்தர ஆட்களுக்கு அதே ஐந்து வருஷம்தான். ஆகவே 11 மாத ஒப்பந்தம் போட்டு, பத்து நாள் 'பிரேக்' கொடுத்து, திரும்ப எடுக்கலாம் என்று யோசிக்காதீர்கள். அந்த வித்தையைத் தொழிலாளர் நீதிமன்றங்கள் பல முறை பார்த்துவிட்டன.

மதுரை, ஜவுளிக்கடை: ராஜினாமா செய்தவருக்குக் கணக்கு முடிக்க எத்தனை நாள் அவகாசம் ஐயா? நாங்கள் வழக்கமாக அடுத்த மாதம் ஏழாம் தேதி கொடுப்போம்.

ஊதிய பாக்கிக்கு இரண்டு வேலை நாள். ராஜினாமா, நீக்கம், ஆட்குறைப்பு எதுவானாலும் அதே கெடுதான். கிராஜுவிட்டிக்கு மட்டும் 30 நாள். சாவி, யூனிபார்ம், மொபைல் எல்லாம் கடைசி நாளிலேயே திரும்ப வாங்கிவிடுங்கள். 'நோ டியூஸ்' (பாக்கி ஏதுமில்லை என்ற சான்று) வரவில்லை என்ற சாக்கு இனி எடுபடாது.

கோயம்புத்தூர், மென்பொருள் நிறுவனம்: அண்ணே, புதுப் பசங்களுக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்து, இரண்டு வருஷம் விலகக் கூடாது, விலகினால் பணம் கட்ட வேண்டும் என்று பாண்டு வாங்குகிறோம். ஒரிஜினல் சர்டிபிகேட்டும் எங்களிடம்தான். பாண்டு செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாமே?

2025 மே மாதத் தீர்ப்பைச் சொல்கிறீர்கள். ஒரு பொதுத்துறை வங்கி, மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் என்று நிபந்தனை போட்டிருந்தது. நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் காரணத்தையும் படியுங்கள். பொதுத்துறை வங்கி நினைத்த ஆளை நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது. விளம்பரம், தேர்வு என்று முழு நடைமுறையும் மறுபடி ஓட வேண்டும். அந்த அதிகாரியின் பதவிக்கும் சம்பளத்துக்கும் 2 லட்சம் அதிகமில்லை என்று பார்த்துத்தான் சொன்னார்கள். 20,000 சம்பளத்துக்கு 5 லட்சம் என்று நீங்கள் எழுதினால் அது நிற்காது. பயிற்சிக்கு உண்மையில் ஆன செலவை ரசீதோடு வைத்திருங்கள்.

சர்டிபிகேட் வேறு கதை. அது அந்தப் பையனின் சொத்து. நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் தம்பி.

சேலம், தனியார் பள்ளித் தாளாளர்: மூன்றாவது குழந்தைக்குப் பேறுகால விடுப்பு கேட்கிறார் ஆசிரியை. மறுக்கலாமா?

கூடாது. உயிரோடு இரண்டு குழந்தைகள் இருந்தால் 26 வாரம் கிடையாது. 12 வாரம் உண்டு, சம்பளத்தோடு. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். இதே தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியைக்கு, முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள் இருப்பதாகச் சொல்லி விடுப்பு மறுத்தார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, பேறுகால விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையில் அடங்கும் என்றது.

மதுரைக்காரர் மறுபடியும்: கடைப் பெண்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்பது இன்னும் அமலில் இருக்கிறதா?

இருக்கிறது. 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் சேர்த்தது. பெண்களுக்கு மட்டுமல்ல, எல்லாப் பணியாளர்களுக்கும். ஸ்டூலை வாங்கி கோடவுனில் அடுக்கி வைத்துவிட்டு, இன்ஸ்பெக்டர் வரும்போது மட்டும் இறக்குகிற கடைகள் எனக்குத் தெரியும். உங்கள் கடையில் புடவைப் பிரிவுக்குப் பின்னால் போடுங்கள். அங்கேதான் அதிக நேரம் நிற்கிறார்கள்.