சீவாளி கட்டும் கை

கேள்வி: எனக்கு வயது 29. மூங்கில் சட்டத்தில் நாகஸ்வரச் சீவாளிகளை (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டுகளை) வரிசையாகச் செருகி, காற்றுப் பம்பு வைத்து ஒலிக்கவிடுகிறேன். சுரைக்குடுக்கை, பனைமட்டை, கல்லிலும் கருவி செய்கிறேன். அமெரிக்க இசையமைப்பாளர் ஹாரி பார்ட்ச்தான் என் ஆதர்சம். ‘இது வெறும் சத்தம்’ என்கிறார்கள் வீட்டில். அம்மா அழுகிறார். கொச்சியில் நடக்கப்போகும் காட்சிக்கு என் பெயர் போட்டு அழைப்பிதழும் வந்துவிட்டது. சீவாளிக்குப் பிரச்சினையில்லை, அப்பாவே கட்டித் தருவார். கை நடுக்கத்தால் இப்போது கொஞ்சம் தாமதமாகிறது. கலையை விடுவதா, வீட்டை எதிர்ப்பதா?

– பெயர் வேண்டாம், மயிலாடுதுறை

பதில்: கலையா வீடா என்ற கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. அதை அப்புறம் பார்ப்போம். ‘கை நடுக்கத்தால் கொஞ்சம் தாமதமாகிறது’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

நடுக்கம் எப்போது ஆரம்பித்தது? ஒரு கையிலா, இரண்டிலுமா? டாக்டரிடம் காட்டினீர்களா? ஒரு வார்த்தை இல்லை. சரக்கு வரத் தாமதம், அவ்வளவுதான் உங்கள் கவலை. பெற்ற தகப்பனைப் பற்றி எழுதுகிற முறையா இது, தம்பி?

சீவாளிக்குக் கொறுக்கை என்ற நாணலின் தட்டையை வெட்டிக் காயவைத்து, பக்குவம் வரும்வரை காத்திருந்து, வாய்ப்பக்கத்தைத் தட்டையாக்கி, கெண்டை என்ற சிறு உலோகக் குழாயில் பொருந்தும்படி நூலால் இறுகக் கட்ட வேண்டும். மயிரிழை பிசகினாலும் நாதம் கெட்டுவிடும். வித்வான் எச்சிலில் நனைத்து ஊதிப் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்வார். சரியில்லையென்றால் உடனே மாற்றத்தான் நாகஸ்வரத்திலேயே நாலைந்தைத் தொங்கவிட்டிருப்பார். இந்த வேலையில் பழகிய கை இப்போது நடுங்குகிறது. அந்தக் கை கட்டியதைப் பம்பில் மாட்டிவிட்டு, அழைப்பிதழில் உங்கள் பெயரை மட்டும் போட்டுக்கொள்கிறீர்கள்.

பார்ட்ச் என்றீர்களே. ஓர் எண்மத்தை, அதாவது ஸ முதல் மேல் ஸ வரையுள்ள இடைவெளியை, 43 சுரங்களாகப் பிரித்து, அதற்கான கருவிகளைத் தானே செய்துகொண்டவர் அவர். அதோடு நிற்கவில்லை. அவற்றை எப்படிப் பராமரிப்பது, பழுதுபார்ப்பது, வாசிப்பவர் எப்படி நிற்க வேண்டும் என்பதுவரை 1963-இல் கையேடு எழுதி வைத்தார். 1974-இல் அவர் இறந்த பிறகும் மற்றவர்கள் அந்தக் கருவிகளை வாசிக்க முடிந்தது. உங்கள் சட்டத்தில் ஒரு சீவாளி பிளந்தால் நீங்கள் புதிதாக ஒன்று கட்டுவீர்களா? இல்லை, அப்பாவைத்தான் கூப்பிடுவீர்களா?

பெற்றவர் தொழிலைப் பிள்ளை தொடர்ந்தே ஆக வேண்டும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்தச் சோற்றில் வளர்ந்த பிள்ளைக்கு, அதுவும் ஒலிதான் என் வாழ்க்கை என்று சொல்கிற பிள்ளைக்கு, அந்த வேலை தெரியாமல் இருப்பதைத் தப்பு என்பேன். அம்மா அழுவது சத்தத்துக்காகத்தான் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா? நடுங்கும் கையோடு உங்கள் காட்சிக்காகக் கட்டிக்கொண்டிருக்கும் மனிதரைத் தினமும் பக்கத்தில் இருந்து பார்ப்பது அவர்தான்.

இந்த வாரமே அப்பாவைத் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ அழைத்துப்போய் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். ‘வயசாச்சு, அதான்’ என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். கொச்சிக்காரர்களிடம் தேதியைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். மறுத்தால் இருக்கிற சீவாளிகளோடு போங்கள், புதிதாக ஒன்றுகூட அவரைக் கட்டச் சொல்லாதீர்கள். திரும்பி வந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கொறுக்கை தேர்வதிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். அவர் சொல்லச் சொல்லக் குறித்தும் வையுங்கள். அழைப்பிதழை மறுபடி அச்சடிக்கச் சொல்லுங்கள், அதில் அப்பா பெயர் முதலில் வரட்டும். செலவு உங்களுடையது.