வாசகர் கேள்வி பதில்: மாமா பெட்டியில் இருந்த காகிதம்

கே: கம்யூனிஸ்டு ஜீவா கம்பன் விழாவில் பேசியதாகச் சொல்கிறார்களே, கட்சிக்காரர்கள் எப்படி ஒத்துக்கொண்டார்கள்? — வாசகர், தேவகோட்டை

ப: பேசினார், நெஞ்சு நிறையப் பேசினார். அவரை மேடையேற்றியவர் யார் என்று பாருங்கள். காரைக்குடியில் 1939-இல் கம்பன் கழகத்தைத் தொடங்கிய சா. கணேசன். அவர் பிற்பாடு ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்குப் போய், 1962-இல் காரைக்குடி எம்.எல்.ஏ. ஆனவர். சொத்துரிமைக்குக் குரல் கொடுத்த கட்சி அது. நிலத்தை உழுபவனுக்குக் கொடு என்றவர் ஜீவா. இரண்டு பேருமே தங்கள் அரசியலை விட்டுக்கொடுக்கவில்லை. கம்பன் பாட்டை ஜீவா எப்படிச் சொல்வார் என்று கேட்கிற ஆசை கணேசனுக்கு இருந்தது. கட்சிக்காரர்கள் ஒத்துக்கொண்டார்களா என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

கே: பொதுத்துறை வங்கியில் வேலை, சங்கத்திலும் இருக்கிறேன். அண்ணன் வியாபாரி, தீவிர வலதுசாரி. பொங்கலன்று வங்கிகளைத் தனியாருக்குக் கொடுப்பது பற்றிப் பேச்சு வந்தது. “சங்கத்துக்காரங்க உட்கார்ந்த இடத்துல சம்பளம் வாங்குறவங்க” என்றார். “நீ கட்டாம விட்ட கடனை அப்பா நிலத்தை வித்துத்தானே அடைச்சார்” என்று சொல்லிவிட்டேன். அண்ணியும் பிள்ளைகளும் பக்கத்திலேயே இருந்தார்கள். நான்கு மாதமாகப் பேச்சில்லை. இனிமேல் வீட்டில் அரசியலே பேசக் கூடாதா? — வாசகி, சிவகாசி

ப: பேசுங்கள் அம்மா. பேசாமல் இருப்பதுதான் வழி என்றால் நான் வளர்ந்த வீடே இருந்திருக்காது.

மதுரை செல்லூரில் எங்கள் வீடு. அப்பா பஞ்சாலைத் தொழிலாளி, செங்கொடிச் சங்கம். அம்மாவின் அண்ணன் சிம்மக்கல்லில் இருந்தார். சோழவந்தானில் நஞ்சையும் வெற்றிலைக் கொடிக்காலும் உண்டு. ராஜாஜி 1959-இல் சுதந்திராக் கட்சி தொடங்கியதும் முதல் ஆளாகச் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலை ஈரத்துணியில் சுற்றிய ஒரு கவுளி வெற்றிலையோடு வந்து திண்ணையில் உட்காருவார். அப்புறம் மத்தியானச் சாப்பாடு வரை ஓயாது. ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கருக்கு மேல் கூடாது என்று 1961-இல் சட்டம் வந்ததே, அதைப் பற்றி மட்டும் எத்தனை ஞாயிறு போயிற்று என்று கணக்கில்லை. “மாப்ளே, உழைச்சுச் சேர்த்தவன்கிட்ட பிடுங்குறதுக்குப் பேரு நியாயமா?” என்பார் மாமா. “யாரு உழைச்சது மச்சான்? வரப்புல நின்னவரா, சேத்துல நின்னவனா?” என்பார் அப்பா. குரல் தெருமுனை வரை கேட்கும்.

1969 ஜூலையில் 14 வங்கிகள் தேசியமாயின. அப்பா அன்று தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். அடுத்த பிப்ரவரியில் அந்தச் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், ஞாயிறு வரை பொறுக்காமல் மாமா பேப்பரோடு வந்து நின்றார். சில நாளிலேயே அரசு புதிதாக அவசரச் சட்டம் போட்டது. இந்தத் தடவை பேப்பரை எடுத்துக்கொண்டு சிம்மக்கல்லுக்கு நடந்தது அப்பா. உங்கள் அண்ணனும் நீங்களும் சண்டை போட்ட அதே விஷயம்தான்.

இடையில் 1967 தேர்தல். கம்யூனிஸ்டுகள்தான் தன் முதல் எதிரி என்று 1952-இல் சட்டசபையிலேயே அறிவித்தவர் ராஜாஜி. அவருடைய கட்சியும் மார்க்சிஸ்டுகளும் அந்தத் தேர்தலில் தி.மு.க.வோடு ஒரே அணி. மதுரையில் நாடாளுமன்றத்துக்கு நின்றவர் பி. ராமமூர்த்தி, 1952-இல் சிறையில் இருந்தபடியே மதுரை வடக்கில் ஜெயித்த கம்யூனிஸ்டு. மாமா அவருக்குத்தான் ஓட்டுப் போட்டார். அதை வைத்து அப்பா ஒரு நாளும் அவரைக் குத்திக் காட்டியதில்லை. எனக்கு அப்போது 14 வயது. ஏன் விட்டுவிடுகிறார் என்று ஆத்திரமாக இருந்தது.

1988-இல் அப்பா போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பியபின் மாமா என்னைத் தனியே கூப்பிட்டு மடித்த காகிதம் ஒன்றைக் கொடுத்தார். 1950-இல் ஆலை நிர்வாகத்துக்கு எழுதிய மன்னிப்புக் கடிதத்தின் நகல். ‘இனி எந்தச் சங்கத்திலும் சேரமாட்டேன்’ என்று இருந்தது. எழுத்து மாமாவுடையது, கீழே அப்பாவின் கையெழுத்து. வேலைநிறுத்தத்தில் அப்பாவை வெளியே தள்ளியிருந்தார்கள். அக்கா பிறந்த நேரம், அம்மாவுக்குப் பிரசவக் காய்ச்சல், மருந்துக்குக் காசில்லை. இரண்டு வருடத்தில் மறுபடி சங்கத்தில் சேர்ந்துவிட்டார் என்பது வேறு விஷயம். “உங்கப்பா இதைப் பத்தி எங்கிட்ட ஒரு நாளும் பேசல. நானும் பேசல. நீ வச்சுக்கப்பா” என்றார் மாமா.

38 வருடம். திண்ணையில் தோற்றுப்போன ஞாயிறுகள் மாமாவுக்கும் உண்டு. அன்றைக்கெல்லாம் அந்தக் காகிதம் அவர் பெட்டியில்தான் இருந்தது.

பெரியார் செய்ததும் இதைத்தான். 1949-இல் தன் திருமணம் பற்றி ராஜாஜியிடம் யோசனை கேட்டார். வேண்டாம் என்கிற விதமாக ராஜாஜி எழுதினார், அந்தரங்கம் என்று குறித்து. திருமணம் நடந்து கட்சி உடைந்தபோது, ராஜாஜி சொல்லித்தான் இது நடந்தது என்று ஊரே பேசியது. அந்தக் கடிதத்தைக் காட்டியிருந்தால் பேச்சு அடங்கியிருக்கும். பெரியார் காட்டவில்லை. 1953-இல் ராஜாஜியின் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி, தெருத் தெருவாக எதிர்த்தவரும் அவரே. 1972 டிசம்பரில் ராஜாஜியின் சிதையருகே குலுங்கி அழுதவரும் அவரே.

வங்கி பற்றி நீங்கள் பேசியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணன் சங்கத்தைப் பற்றிச் சொன்னது தப்பு, அதற்கு உங்கள் வேலை நேரத்தையும் கிராமக் கிளைகளையும் சொல்லிப் பதில் கொடுத்திருக்கலாம். கடன் விஷயம் உங்களுக்குத் தங்கை என்பதால் தெரிந்தது. அதை எடுத்து வீசியிருக்கக் கூடாது. அண்ணன் வீட்டுக்குப் போங்கள். பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள், அவர்கள் காதில் விழுந்துதானே அது அவருக்கு அவமானமாயிற்று. “அதைச் சொன்னது தப்புண்ணே” என்று அவர்கள் முன்னாலேயே சொல்லுங்கள். வங்கி விஷயத்தில் ஒரு எழுத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. காபி வரட்டும், தொடருங்கள்.

கே: டி.வி. விவாதங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்களே, தீர்வு என்ன? — வாசகர், ஓசூர்

ப: சட்டசபையில் எதிர்க்கட்சிக்காரரைப் பார்த்து நேராகப் பேசக் கூடாது, சபாநாயகரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். “மாண்புமிகு உறுப்பினர் அவர்கள் சொன்னது...” என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அங்கேயும் மீறல்கள் உண்டு. ஆனாலும் மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது ‘நீ’ ‘அவர்’ ஆகிவிடுகிறது, பாதிச் சூடு அதிலேயே இறங்கிவிடும். நெறியாளர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இதுதான்: பேசுகிறவர் உங்களைப் பார்த்துப் பேசட்டும். ‘நீங்க யாருன்னு தெரியாதா’ என்று எதிராளி பக்கம் திரும்பினால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.