ஸ்ட்ரெங்த் 80, குவாலிட்டி 0: எல்என்பி போய்விட்டதா?

வணக்கம். டிஷ்ஷை நீங்களே மாட்டி, ரிசீவர் திரையில் ஸ்ட்ரெங்த் 80 காட்டியும் குவாலிட்டி 0-விலேயே நிற்கிறது, புது எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் சின்னக் கருவி) வாங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஸ்ட்ரெங்த் பெரும்பாலும் எல்என்பிக்கு மின்சாரம் போகிறது என்பதற்கான அடையாளம்தான். டிஷ்ஷைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாலும் காட்டும். குவாலிட்டி வந்தால்தான் சாட்டிலைட் சிக்கியது என்று அர்த்தம்.

முதலில் கம்பம் செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். சாய்ந்திருந்தால் டிஷ்ஷின் பின்னால் உள்ள கோண அளவு சொல்வதெல்லாம் பொய். அப்புறம், எல்என்பி கீழே தள்ளி நிற்கும் ஆஃப்செட் டிஷ்தானே? அது கண்ணுக்குத் தெரிவதைவிடச் சுமார் 20, 25 டிகிரி மேலே பார்க்கும். அது தெரியாமல் வானத்தைப் பார்த்து நிமிர்த்திவிடுவோம். நானும் ஒரு மதியம் முழுக்க வெயிலில் அதைத்தான் செய்தேன்.

டிஷ்ஷின் மேல்-கீழ் கோணத்தை வைத்துவிட்டு இடவலமாக மெதுவாக நகர்த்துங்கள். 60 செ.மீ. டிஷ்ஷின் விளிம்பில் அரை சென்டிமீட்டரே ஏறக்குறைய 1 டிகிரி. ஒவ்வொரு நகர்வுக்கும் நான்கைந்து விநாடி பொறுங்கள். ரிசீவர் சிக்னலைப் பிடிக்க நேரமாகும்.

சிக்கவே இல்லையா? ரிசீவரில் எல்என்பி அலைவரிசையும் டிரான்ஸ்பாண்டரும் (சாட்டிலைட்டில் சிக்னலை அனுப்பும் கருவி) சரியாகக் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். சிக்கியதும் எல்என்பியைக் கொஞ்சம் முறுக்கி, குவாலிட்டி உச்சத்தில் இருக்கும்போது நட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரே பக்கத்தை இறுக்கினால் டிஷ் நகர்ந்துவிடும்.