ஊடாடும் இணைய வரைபடம் செய்ய எந்த மென்பொருளைத் தரவிறக்கி, எப்படி நிறுவுவது?

கேள்வியின் சாரம் இது: கையில் சில ஷேப்ஃபைல்களும் (இடங்களின் வடிவத்தையும் விவரத்தையும் வைத்திருக்கும் கோப்புகள்) ஒரு அட்டவணையும் இருக்கின்றன. பெரிதாக்கி, நகர்த்தி, ஓர் இடத்தைத் தொட்டால் விவரம் வரும்படி அவற்றை இணையத்தில் போட வேண்டும். நிரல் எழுதிப் பழக்கமில்லை, பணம் செலவழிக்கவும் விருப்பமில்லை.

அப்படியானால் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் நீண்டகால ஆதரவுப் பதிப்பை நிறுவுங்கள். அதற்குள் கியூஜிஐஎஸ்2வெப் என்ற பிளகினை (கூடுதல் வசதி தரும் துணை நிரலை) சேருங்கள். அதிலிருந்து லீஃப்லெட் வரைபடமாக ஏற்றுமதி செய்யுங்கள். மூன்றுமே திறமூலம், இலவசம்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. லீஃப்லெட்டுக்கு இன்ஸ்டாலர் எங்கே என்று தேடுவார்கள்; அப்படி ஒன்று கிடையாது. கியூஜிஐஎஸ் உங்கள் கணினியில் நிறுவப்படும் மென்பொருள். லீஃப்லெட் என்பது பார்ப்பவரின் பிரவுசரில் ஓடும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். அதை நிறுவுவதில்லை, வலைப்பக்கக் கோப்போடு சேர்த்து நகலெடுத்து வைக்கிறோம், அவ்வளவுதான். ஓப்பன்லேயர்ஸ், மேப்லிப்ரே ஆகியவையும் இதே இனம்.

முதலில் கியூஜிஐஎஸ். அதன் அதிகாரபூர்வத் தளத்தைத் தவிர வேறெங்கிருந்தும் இறக்காதீர்கள். தரவிறக்கப் பக்கத்துக்குப் போனால் முதலில் நன்கொடை கேட்கும் பக்கம் வந்து நிற்கும். அதைப் பார்த்து, இது காசுக்கு விற்கும் மென்பொருள் என்று திரும்பிவிட வேண்டாம். தவிர்த்துவிட்டுத் தரவிறக்கத்துக்குப் போகும் சுட்டி அங்கேயே இருக்கிறது.

இரண்டு பதிப்புகள் கண்ணில் படும்: அண்மைப் பதிப்பு, நீண்டகால ஆதரவுப் பதிப்பு. இரண்டாவதையே எடுங்கள். அதற்கு ஏறத்தாழ ஓராண்டு காலம் பிழைத்திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும் என்பது ஒரு காரணம். நமக்கு அதைவிட முக்கியமானது பிளகின். பிளகின்களை எழுதுபவர்கள் தன்னார்வலர்கள். மென்பொருளின் புதிய பெரும் பதிப்பு வந்ததும் எல்லாப் பிளகின்களும் அன்றைக்கே அதற்கு ஒத்துவந்துவிடாது. வரைபடம் செய்ய உட்கார்ந்த நாளில்தான் அது தெரியவரும்.

விண்டோஸில் நிறுவ இரண்டு வழிகள். ஒன்று தனித்த எம்எஸ்ஐ கோப்பு. ஒரு ஜிபியைத் தாண்டும், ஆனால் இறக்கியபின் இணையம் இல்லாமலே நிறுவலாம். ஒரே ஒரு கணினி என்றால் இதுவே எளிது. இன்னொன்று ஓஎஸ்ஜியோ4டபிள்யூ என்ற வலைவழி நிறுவி. அது சிறிய கோப்புதான். ஓடவிட்டதும் தேவையானவற்றைத் தொகுப்பு தொகுப்பாக இறக்கும். பின்னாளில் புதுப்பிக்கும்போது மாறிய தொகுப்புகளை மட்டும் இறக்கினால் போதும். அடிக்கடி புதுப்பிப்பவர்களுக்கு அது லாபம். எம்எஸ்ஐ வழியில் ஒவ்வொரு பதிப்பும் தனிக் கோப்புறையில் போய் உட்காரும். புதியதை நிறுவினாலும் பழையது அப்படியே இருக்கும், இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். புதியது சரியாக ஓடுகிறது என்று உறுதியான பிறகு பழையதை நீக்குங்கள். கணினி 64 பிட்டாக இருக்க வேண்டும், வன்வட்டில் சில ஜிபி காலியாக இருக்க வேண்டும்.

நிறுவல் பாதியில் விசித்திரமாக முறிந்தால், பெரும்பாலும் தரவிறக்கம் குறைபட்டிருக்கும். தளத்தில் கோப்பின் பக்கத்தில் தரப்படும் எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு எண்ணை, பவர்ஷெல்லின் கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளை காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். வைரஸ் தடுப்பை அணைத்துப் பார்ப்பது, பதிவேட்டைச் சுத்தம் செய்வது போன்ற வைத்தியமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மேக்கில் டிஎம்ஜி கோப்பைத் திறந்து, ஐகானை அப்ளிகேஷன்ஸ் கோப்புறைக்கு இழுத்து விட்டால் முடிந்தது. முதல்முறை திறக்க மறுத்தால் சிஸ்டம் செட்டிங்ஸில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதிக்குப் போய், கீழே இருக்கும் ‘எப்படியும் திற’ என்ற பொத்தானை அழுத்துங்கள். உபுண்டு, டெபியன் பயனர்கள் கவனிக்க வேண்டியது வேறு: அவற்றின் சொந்தக் களஞ்சியத்தில் இருக்கும் கியூஜிஐஎஸ் பழையதாக இருக்கும். கியூஜிஐஎஸ் திட்டமே நடத்தும் களஞ்சியத்தை, அதுவும் நீண்டகால ஆதரவுக்கென்று இருக்கும் கிளையை, மூலப் பட்டியலில் சேர்த்து நிறுவுங்கள். அதன் கையொப்பச் சாவியையும் முதலில் இறக்கி வைக்க வேண்டும். அதை மறந்தால் பொதுச்சாவி இல்லை என்ற பிழையோடு நின்றுவிடும்.

அடுத்து பிளகின். பிளகின்ஸ் மெனுவில் முதலில் இருக்கும் மேலாண்மைச் சாளரத்தைத் திறந்து, தேடல் பெட்டியில் பிளகின் பெயரை ஆங்கில எழுத்தில், நடுவில் 2 என்ற எண்ணோடு, இடைவெளி விடாமல் அடியுங்கள். நிறுவியதும் வெப் மெனுவின் கீழ் வந்துவிடும். பட்டியலே காலியாக இருந்தால் பெரும்பாலும் அலுவலக வலையமைப்பின் ப்ராக்ஸி (இணையத்துக்கு நடுவே நிற்கும் இடைநிலைச் சர்வர்) தடுக்கிறது என்று பொருள். செட்டிங்ஸில் ப்ராக்ஸி விவரத்தைக் கொடுங்கள். இல்லையேல் வேறு இடத்தில் பிளகினை ஜிப்பாக இறக்கி, ஜிப்பிலிருந்து நிறுவும் பகுதியில் கொடுங்கள். ஜிப்பைப் பிரிக்காமலே கொடுக்க வேண்டும்.

ஏற்றுமதிக்கு முன் தரவைக் கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது. பின்னால் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் விதைக்கப்படுகின்றன. ஷேப்ஃபைல் என்பது பெயருக்குத்தான் ஒரு கோப்பு. உண்மையில் ஒரு குடும்பம். எஸ்எச்பி, எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப் மூன்றும் கட்டாயம். பிஆர்ஜே இல்லாவிட்டால் எந்த ஆயத்தொலை முறை என்று மென்பொருளுக்குத் தெரியாது. உங்கள் ஊர் கடலுக்குள் போய் விழும். பண்புகளில் தமிழ் இருந்தால் சிபிஜி கோப்பும் வேண்டும். அது இல்லாமல் குறியேற்றம் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) தவறாக ஊகிக்கப்பட்டால் எழுத்துகள் குப்பையாகத் தெரியும். அப்போது லேயரின் (வரைபட அடுக்கின்) பண்புகளுக்குள் சோர்ஸ் பகுதியில் குறியேற்றத்தை யுடிஎஃப்-8 என்று மாற்றிப் பாருங்கள்.

தமிழுக்கு ஷேப்ஃபைல் வேறொரு வகையிலும் இடம் கொடுக்காது. அதன் அட்டவணையில் பத்தித் (நெடுவரிசைத்) தலைப்புக்கு 10 பைட்டுதான். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு எடுக்கும், அதனால் தலைப்பில் மூன்று குறிகளுக்கு மேல் நிற்காது. உள்ளடக்கத்துக்கு உச்சவரம்பு 254 பைட்டு, அதாவது 84 தமிழ்க் குறிகள். ‘கி’ என்பதே ககரமும் இகரக் குறியுமாக இரண்டு குறி என்பதை நினைவில் வையுங்கள். விவரக்குறிப்பு பாதியில் அறுபட்டு நிற்பது இதனால்தான். ஜியோபேக்கேஜ் என்ற வேறொரு கோப்பு வடிவில் சேமித்துவிட்டு வேலை செய்யுங்கள், இந்தத் தொல்லை எதுவும் இருக்காது.

இப்போது வெப் மெனுவிலிருந்து பிளகினைத் திறங்கள். கீழே லீஃப்லெட்டைத் தேர்ந்தெடுத்து முன்னோட்டத்தைப் புதுப்பியுங்கள். எந்த லேயருக்குப் பாப்அப் (தொட்டால் தோன்றும் விவரப்பெட்டி) வேண்டும், அதில் எந்தப் பத்தி தலைப்போடு வர வேண்டும், புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் கொத்தாகச் சேர்க்க வேண்டுமா என்பதெல்லாம் லேயர்கள் பகுதியில் இருக்கும். தோற்றப் பகுதியில் லேயர் பட்டியலைச் சேருங்கள். தொடக்க எல்லையை லேயர்களுக்குப் பொருந்தும்படி வையுங்கள். ஏற்றுமதிப் பகுதியில் நிறையப் பேர் தொடாமல் விடும் ஓர் அமைப்பு இருக்கிறது: துல்லியம். இயல்பில் அது எல்லாத் தசம இடங்களையும் அப்படியே வைத்திருக்கும். 5 தசம இடம் என்றாலே ஏறத்தாழ 1.1 மீட்டர் துல்லியம், 6 என்றால் 11 சென்டிமீட்டர். கைபேசி ஜிபிஎஸ்ஸில் எடுத்த புள்ளிக்கு 15 இலக்கம் எதற்கு? 5 அல்லது 6 வைத்தால் கோப்பு நன்றாகவே இளைக்கும்.

வரும் கோப்புறையில் இண்டெக்ஸ் எச்டிஎம்எல் கோப்பும், சிஎஸ்எஸ், ஜேஎஸ், டேட்டா போன்ற துணைக் கோப்புறைகளும் இருக்கும். எல்லாம் சேர்ந்ததுதான் உங்கள் வரைபடம். எச்டிஎம்எல்லை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு ‘வெள்ளையாக வருகிறது’ என்றால் வராமல் என்ன செய்யும்? கியூஜிஐஎஸ்ஸில் போட்ட வண்ணப் பாணிகள் எல்லாமும் வந்துசேராது என்பதையும் எதிர்பாருங்கள். ஒற்றை நிறம், வகைப்படுத்தல், படிநிலை நிறங்கள் நன்றாகவே வரும். நுணுக்கமான கோட்டு வடிவங்களும் நிரப்பு வடிவங்களும் எளிமையாகிவிடும்.

எல்லைக்கோடுகளின் தரவு பெரிதாகிக் கோப்பு கனத்தால் அவற்றை எளிமையாக்க வேண்டும். அதற்கு கியூஜிஐஎஸ்ஸின் சாதாரண எளிமையாக்கியைவிட மேப்ஷேப்பர் என்ற கருவி மேல். முன்னது ஒவ்வொரு பரப்பையும் தனித்தனியே வெட்டுவதால், அடுத்தடுத்த இரு பரப்புகளுக்கு நடுவே சந்து விழும். மேப்ஷேப்பர் பொதுக் கோட்டை ஒரே கோடாகப் பார்ப்பதால் சந்து விழாது. பிரவுசரிலேயே ஓடும், நிறுவ ஒன்றுமில்லை.

பின்னணி வரைபடத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் டைல்களை (வரைபடத்தின் சதுரப் படத் துண்டுகளை) பயன்படுத்தினால் சில விதிகள் உண்டு. மூலக் குறிப்பு வரைபடத்தின் மேல் தெரிய வேண்டும். மொத்தமாக டைல்களை இறக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. இறக்கத்தான் முடியுமா? பெரிதாக்கும் ஒவ்வொரு நிலைக்கும் டைல் எண்ணிக்கை நான்கு மடங்காகும். 18-ஆம் நிலையில் மட்டும் சுமார் 6,870 கோடி. கோரிக்கை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்ற தகவலும் அந்தச் சர்வருக்குப் போக வேண்டும். கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தால் அந்தத் தகவல் போகாது. உங்கள் லேயர்கள் தெரிந்து பின்னணி மட்டும் மறுக்கப்பட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். அந்தக் கோப்புறையில் பைத்தானின் எச்டிடிபி சர்வர் தொகுதியை ஓடவிட்டு, லோக்கல்ஹோஸ்ட் 8000 என்ற முகவரியில் பாருங்கள்.

பிளகின் தந்தது போதாமல் கையாலேயே எழுத முனைந்தால் லீஃப்லெட்டின் ஜிப்பை இறக்குங்கள். 2023 மே மாதம் வந்த 1.9.4 பதிப்பு போதும், 2.0 வரிசையில் எழுதும் முறையே மாறுகிறது, பழைய எடுத்துக்காட்டுகளும் துணை நிரல்களும் அதில் அப்படியே ஓடா. ஜிப்பிலிருந்து வேண்டியவை மூன்று: ஜேஎஸ் கோப்பு, சிஎஸ்எஸ் கோப்பு, இமேஜஸ் கோப்புறை. பக்கத்தில் சிஎஸ்எஸ் முதலில், ஜேஎஸ் அடுத்து, உங்கள் நிரல் கடைசியில்.

அதில் வரும் கோளாறுகளைப் பார்த்த மாத்திரத்தில் இனங்காணலாம். எதுவுமே தெரியாமல் பிழைச்செய்தியும் இல்லையென்றால், வரைபடப் பெட்டிக்கு உயரம் கொடுக்கவில்லை. டைல்கள் சிதறிக் கிடந்தால் சிஎஸ்எஸ் ஏறவில்லை. ஊசிக்குறி மட்டும் உடைந்த படமாக வந்தால் இமேஜஸ் கோப்புறை இடம் மாறிவிட்டது. மூலையில் கொஞ்சம் டைல் தெரிந்து மீதி சாம்பலாக இருந்தால், மறைந்திருந்த பெட்டிக்குள் வரைபடம் உருவாகியிருக்கிறது. பெட்டி தெரிந்தபின் இன்வேலிடேட்சைஸ் என்ற செயலை அழைக்க வேண்டும். ‘எல் வரையறுக்கப்படவில்லை’ என்று வந்தால் ஜேஎஸ் ஏறவே இல்லை. பலமுறை இதற்குக் காரணம், சிடிஎன் (நூலகக் கோப்புகளை இணையத்திலிருந்தே தரும் சேவை) வரியை நகலெடுத்துப் பதிப்பு எண்ணை மட்டும் மாற்றி, கூடவே இருக்கும் சரிபார்ப்புச் சரத்தை மாற்றாமல் விட்டதுதான். இரண்டும் பொருந்தாத கோப்பைப் பிரவுசர் ஏற்காது.

புள்ளி வேறு கண்டத்தில் விழுகிறதா? லீஃப்லெட்டுக்கு அகலாங்கு முதலில், நெட்டாங்கு பிறகு. இடத்தரவை எழுத்து வடிவில் வைக்கும் ஜியோஜேசன் கோப்பில் நேர் எதிர். இந்த முரணுக்கு எவரும் தப்புவதில்லை.

நிரலில் ஜியோஜேசனைத் தனிக் கோப்பாக அழைத்தால், இருமுறை சொடுக்கித் திறக்கும் பக்கத்தில் பிரவுசர் அதைத் தடுத்துவிடும். மேலே சொன்ன உள்ளூர் சர்வர் அதற்கும் மருந்து. பிளகின் தரும் தரவு ஜேஎஸ் கோப்புகளாகவே வருவதால் அங்கே இந்தச் சிக்கல் எழாது.

உருவங்கள் சில ஆயிரத்தைத் தாண்டினால் லீஃப்லெட் கைபேசியில் திணறும். வரைபடத்தை உருவாக்கும்போதே கேன்வாஸ் முறையை (எல்லாவற்றையும் ஒரே படமாக வரைவதை) தேர்ந்தெடுத்தால் கொஞ்சம் மூச்சு விடும். லட்சக்கணக்கில் என்றால் மேப்லிப்ரேக்கு மாறிவிடுங்கள். டிப்பகனூ கருவியால் தரவை வெக்டர் டைல்களாக்கி (படமாக அல்லாமல் வடிவத் தரவாக இருக்கும் துண்டுகள்), ஒரே பிஎம்டைல்ஸ் கோப்பாக வைக்கலாம். டிப்பகனூ விண்டோஸில் நேரடியாக ஓடாது, அதற்குள் இருக்கும் லினக்ஸ் துணை அமைப்பை இயக்கித்தான் நிறுவ வேண்டும். பிஎம்டைல்ஸ் கோப்பின் ஒரு துண்டை மட்டும் கேட்டால் தரத் தெரிந்த சர்வரும் வேண்டும். பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஃபோலியம் என்ற பைத்தான் நூலகம் போதும், அதுவும் உள்ளே லீஃப்லெட்தான். புதிய டெபியன், உபுண்டுவில் பைத்தானின் நிறுவியான பிப் ‘வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்’ என்று மறுத்தால், மெய்நிகர் சூழல் ஒன்று உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள். தரவு மணிக்கு மணி மாறும், பலர் திருத்துவார்கள் என்றால் மட்டும் ஜியோசர்வர் என்ற வரைபடச் சர்வர் மென்பொருள் பக்கம் போங்கள். அதற்குப் பொருத்தமான ஜாவா பதிப்பு முதலில் வேண்டும். இயல்பில் 8080 என்ற போர்ட்டில் எழும்பும். எல்லோருக்கும் தெரிந்த இயல்புக் கடவுச்சொல்லோடுதான் வரும் என்பதால், வெளியே திறந்துவிடும் முன் அதை மாற்றியாக வேண்டும்.

சர்வரில் ஏற்றும்போது கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பாருங்கள். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. லினக்ஸ் சர்வர் கோப்பு இல்லை என்று கையை விரித்துவிடும். பக்கம் எச்டிடிபிஎஸ்ஸில் இருந்தால் டைல் முகவரிகளும் அதிலேயே இருக்கட்டும். பிரவுசருக்குப் போன எதையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், தொலைபேசி எண், வீட்டு முகவரி போன்ற பத்திகளைப் பாப்அப்பில் மறைத்தால் போதாது, ஏற்றுமதிக்கு முன்பே தரவிலிருந்து நீக்கிவிடுங்கள். கட்டணச் சேவையின் ஏபிஐ சாவி (சேவையைப் பயன்படுத்தத் தரப்படும் அடையாளச் சரம்) வலைப்பக்கத்துக்குள் இருந்தால், அது உங்கள் தளத்திலிருந்து மட்டும் செல்லும்படி அந்தச் சேவையின் கணக்கிலேயே கட்டுப்படுத்தி வையுங்கள்.