அழகர் இறங்கிய தண்ணீர் எங்கே போனது?

கேள்வி: என் மகளுக்கு நான்கரை வயது. வீட்டில் ஓயாமல் கேள்வி கேட்கிறாள். சித்திரைத் திருவிழா முடிந்து சில வாரங்கள் கழித்து வைகை ஆற்றின் மேலுள்ள யானைக்கல் பாலத்தைக் கடந்தபோது, "அழகர் இறங்குனப்ப இருந்த தண்ணி எங்கம்மா போச்சு?" என்றாள். "சாமி எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு, பேசாம வா" என்று இழுத்துக்கொண்டு வந்தேன். ஆனால் உறவினர் யாராவது பெயர் கேட்டால் முந்தானைக்குள் ஒளிந்துகொள்கிறாள். நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "பொம்பளப் பிள்ளைக்கு இம்புட்டு வாய் ஆகாது" என்கிறார் மாமியார். தன்னம்பிக்கை வளர ஏதேனும் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா?
– வாசகி, செல்லூர், மதுரை.

பதில்: வேண்டாம். வகுப்பில் சேர்த்துத் தீர்க்க வேண்டிய குறை எதுவும் உங்கள் மகளிடம் இருப்பதாக இக்கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. கேள்வி கேட்டால் "பேசாம வா" என்றும், விருந்தினர் வந்தால் "பேசு" என்றும் சொல்லப்படும் பிள்ளை, எப்போது வாய் திறக்கலாம் என்று விளங்காமல் முந்தானையைப் பிடித்துக்கொள்வதில் வியப்பில்லை.

அவள் கேட்ட கேள்வியை நிதானமாகப் பாருங்கள். திருவிழாக் கூட்டத்தில் தண்ணீரோடு பார்த்த ஆற்றை நினைவில் வைத்திருந்து, மணலும் புல்லுமாகக் கிடக்கும் அதே ஆற்றோடு ஒப்பிட்டு, நடுவில் ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று கண்டுகொண்டிருக்கிறாள். அதற்கான உண்மையான பதிலும் அவளுக்கு எட்டாததல்ல. ஆண்டிப்பட்டிக்கு அருகே 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேக்கிய தண்ணீரைத்தான் அழகர் இறங்குவதற்காகத் திறந்துவிடுகிறார்கள். மதகை அடைத்ததும் வரத்து நின்றுவிடுகிறது. வந்ததில் கொஞ்சம் மணலுக்குள் இறங்குகிறது, கொஞ்சம் வெயிலில் காய்கிறது, மீதி ஆற்றோடு போய்விடுகிறது. இதை வாயால் விளக்குவதற்கு முன், ஒரு பூந்தொட்டியில் மணலை நிரப்பி, ஒரு சொம்புத் தண்ணீரை அவள் கையாலேயே ஊற்றச் செய்யுங்கள். ஊற்றும் முன் "என்ன ஆகும்னு நினைக்கிற?" என்று கேளுங்கள், அவள் சொல்வது தவறானாலும் திருத்த வேண்டாம். தண்ணீர் மறைந்ததும் அவள் விரலை விட்டு ஈர மணலைக் கிண்டித் தேடுவாள். அந்தச் சில நிமிடங்கள் குறுக்கே பேசாதீர்கள்.

அடுப்படி வேலைக்கு நடுவில் ஒவ்வொரு கேள்விக்கும் நின்று பதில் சொல்ல எந்தத் தாயாலும் முடியாது என்பதை நான் அறிவேன். "எனக்கும் தெரியல, சாயங்காலம் பார்ப்போம்" என்று சொல்லலாம். சொன்னால் சாயங்காலம் கட்டாயம் பார்க்க வேண்டும்.

உறவினர் முன் நடப்பதற்கு வருகிறேன். அவளுக்காக நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு தேவை இல்லை. புதிய முகத்தைப் பார்த்துத் தயங்கும் சிறு பிள்ளைக்குச் சொல்லைத் தேடி எடுக்க நேரம் பிடிக்கும். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். அப்போதும் பேசாவிட்டால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். "இவ ரொம்பக் கூச்சப்படுவா" என்று அவள் காதுபட மட்டும் சொல்லாதீர்கள். நாலு பேர் முன்னால் அம்மா சொன்னதைப் பிள்ளை தன் குணமாகவே எடுத்துக்கொண்டுவிடும்.

பேசிப் பழகுவதற்கு உறவினர் கூட்டத்தைவிடப் பூக்கடை நல்ல இடம். மாலையில் மல்லிகை வாங்கும்போது பணத்தை அவளிடம் கொடுத்து, "ரெண்டு முழம் குடுங்க" என்று அவளையே கேட்கச் சொல்லி, ஓரடி பின்னால் நில்லுங்கள். பூக்காரம்மா தம் கையால் அளந்து கொடுத்த இரண்டு முழத்தை வீட்டில் அவள் தன் பிஞ்சுக் கையால் அளந்தால் மூன்று முழத்துக்கும் மேல் வரும். ஏன் என்று கேட்பாள். பதில் சொல்லாமல், உங்கள் கையை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

பெண் பிள்ளைக்கு வாய் ஆகாது என்பதை நான் சிறிதும் ஏற்கவில்லை. "ஏன்" என்று கேட்டுப் பழகிய பெண்ணால்தான், பின்னாளில் தனக்கு ஒரு தீங்கு நேர்ந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்ல முடியும். இதை உங்கள் கணவர் தம் தாயாரிடம் எடுத்துச் சொல்லட்டும். நீங்கள் வாதிட வேண்டாம். மாறாக, தண்ணீர் எங்கே போனது என்பதைப் பேத்தியே அப்பத்தாவிடம் கேட்கட்டும். வைகை கரைபுரண்டு ஓடியதைக் கண்ணால் பார்த்த தலைமுறை அவருடையது. முதல் தடவை அதட்டினாலும், பூக் கட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாம் தடவை கேட்டால், அவர் சொல்லத் தொடங்குவார்.